நான்காம் மாடிப் பூட்டு

காலை ஏழுக்கு மையத்திலிருந்து ஸ்கிர்மாந்தே அழைத்தாள்.
"இன்றே மாற்ற வேண்டும். கூலி எங்கள் கணக்கு.
ஆள் வீட்டில் இல்லை, இரவே போலீஸ் வெளியேற்றிவிட்டது.
பதினைந்து நாள் அந்த வாசலை மிதிக்கக் கூடாதென்று உத்தரவு.
பூட்டுக்கு வாசிக்கத் தெரியாதே, அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன்."
அவள் பேச்சு எப்போதும் இப்படித்தான்,
பாதித் தூக்கம், பாதிக் கோபம்.

கிளைபேதாவில் நவம்பர்.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் காற்றில் முனகுகின்றன.
லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம்,
கருவிப்பெட்டி பதினோரு கிலோ.
முதல் மாடியில் ஈர நாய் வாசம்,
இரண்டில் வதங்கும் வெங்காயம்,
மூன்றில் தொலைக்காட்சி, காது கிழியும் சத்தத்தில்.
நான்காவதில்
எதுவுமில்லை.

கதவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.
அது நான் போட்ட பூட்டு.
கீழ்த் திருகு கொஞ்சம் சாய்ந்திருக்கும்,
என் கையெழுத்தைப் போல.

ஐந்து வருடமிருக்கும்.
நல்ல கம்பளிக் கோட்டு, நல்ல குரல்.
"வெளியே பூட்டினால் உள்ளே திறக்கக் கூடாது.
மனைவி தூக்கத்தில் எழுந்து நடப்பாள்" என்றான்.
சொல்லும்போது கண் கலங்கியது அவனுக்கு.
நடைவழியில் ஒருத்தி
ஈரக் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தாள்.
நான் நான்கு திருகும் முடுக்கி முடிக்கும்வரை
துடைத்துக்கொண்டே இருந்தாள்.
பத்து யூரோ சேர்த்துக் கொடுத்தான்.
அன்று மாலை அதில் புகையிட்ட மீன் வாங்கினேன்.
ருசியாக இருந்தது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம்.
கதவு ஒரு விரல் திறந்தது,
பிறகு ஒரு கை.
ஜொரூனே என்று பெயர் சொன்னாள்.
"அப்போது உங்களுக்குத் தாடி இருந்தது."
அவ்வளவுதான். குற்றச்சாட்டு மாதிரி இல்லை.
மழை பெய்ததென்று சொல்வதுபோல் சொன்னாள்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"காபியில் பால் விடலாமா?" என்றாள்.

துளைப்பானை அழுத்தினேன்.
பித்தளைத் தூள் காலணியில் கொட்டியது.
என் வேலையை நானே உடைக்க
நாற்பது நிமிடம் ஆனது;
அன்று நன்றாகத்தான் செய்திருந்தேன், பாவி.

புதிய பூட்டுக்கு உள்பக்கம் ஒரு குமிழ்.
சாவி வேண்டாம், திருப்பினால் போதும்.
அவள் மகன் வகாரிஸ், ஆறு வயது,
திருப்பினான், திறந்தான்,
படிக்கட்டில் ஒரு கால் வைத்தான், உள்ளே வந்தான்.
மறுபடி திருப்பினான்.
முப்பது தடவைக்கு மேல் எண்ணாமல் விட்டேன்.
அவள் தடுக்கவில்லை,
வாசல் குளிர் வீடு முழுக்க ஏறியும்.

உறைக்குள் மூன்று சாவிகள்.
ஒன்றைக் கழுத்துச் சங்கிலியில் கோத்தாள்.
ஒன்றை மாவு டப்பாவுக்குள் புதைத்தாள்.
மூன்றாவதை நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு
"கீழ்வீட்டில் கொடுத்துவிடுங்கள்" என்றாள்.
"ஜெனோவைதே.
அடி விழும்போதெல்லாம் சத்தத்தைக் கூட்டி வைப்பவள்.
நேற்று மட்டும் கூட்டவில்லை.
போன் அவள்தான் செய்தாள்."

மூன்றாம் மாடியில் மணி அடித்தேன்.
என் வயதுதான் இருக்கும், கையில் ரிமோட்.
சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
வாங்கக் கை நீட்டவில்லை.
"இதற்கு நான்..." என்று தொடங்கி நிறுத்தினாள்.
"நானும்தான்" என்றேன்.
அவளுக்கு விளங்கியிருக்காது.
பிறகு சட்டென வாங்கி
உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

கீழே வண்டியில் உட்கார்ந்து ரசீது எழுதினேன்.
பூட்டு ஒன்று. துளைமுனை ஒன்று, முனை மழுங்கியது.
கூலி என்ற கட்டத்தில்
பேனா எழுதவில்லை, குளிரில் மை உறைந்திருந்தது.
வாயருகே வைத்து ஊதினேன்.
எழுதியது.
நான் எழுதவில்லை.

வண்டியைக் கிளப்பும்முன் அண்ணாந்து பார்த்தேன்.
மூன்றாம் மாடி ஜன்னலில் நீல வெளிச்சம் அசைகிறது,
படம் ஓடுகிறது,
சத்தமே இல்லை.