இது அது இல்லை

ஊறுகாய் ஜாடியில் கொண்டுவந்திருந்தாள்.
மூடியில் ஆணியடித்த ஏழு துளைகள்.
உள்ளே விதை பிடித்த கொத்தமல்லித் தலை ஒன்று,
அதன் உச்சியில்
சிவப்புச் சட்டையில் கறுப்புக் கோடு போட்ட
ஒரு நாவாய்ப்பூச்சி,
சர்க்கஸ் கூடாரத்திலிருந்து வழி தப்பி வந்ததுபோல.

"இதுதானே?" என்றாள் லாமாரா ஷோனியா.

ஸுக்திதி, பயிர்ப் பாதுகாப்பு அலுவலகம், இரண்டாவது ஜன்னல்.
ஆகஸ்டில் இந்த ஜன்னலுக்கு ஒரே கேள்விதான்.
ஹேசல் தோப்புகளில் பழுப்பன் புகுந்து மூன்று வருஷம்.
கொட்டையை உடைத்தால்
உள்ளே கறுத்துச் சுருங்கிய ஒரு கிழட்டுப் பல்.

லென்ஸை எடுத்தேன்.
கேட்காதவர்களுக்கும் விளக்கிவிடுவது என் வியாதி:
தலைக்குப் பின்னே கோடுகளை எண்ணுங்கள், ஆறு.
அதற்கும் பின்னே நான்கு.
முதுகுக் கேடயம் வால்வரை இறங்கி
இறக்கையை மூடிவிடுகிறது,
அதனால்தான் வண்டென்று ஏமாறுகிறோம்.
கவிழ்த்துப் பாருங்கள்.
வண்டுக்குக் கத்தரிக்கும் வாய்,
இதற்கு ஊசி, மார்போடு மடித்து வைத்தது.
வயிறு செம்மஞ்சள்,
யாரோ பேனாவை உதறிவிட்டுப் போன புள்ளிகள்.
கால் கறுப்பு. மீசையும் முழுக் கறுப்பு.
பழுப்பன் மீசையில் வெள்ளை வளையம் இருக்கும்.

"இது அது இல்லை, அம்மா.
இது எங்கும் கிடப்பது.
சோம்பு, மல்லி, காட்டுக் கேரட்,
குடை விரிக்கும் செடியின் விதையில் பால் குடிக்கும்.
தோப்பைத் தொடாது."

நல்ல செய்தி சொன்னவனின் புன்னகையோடு நிமிர்ந்தேன்.
அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அதுவாயிருந்தால்
மருந்தடிக்க வருவார்கள் என்றார்களே."

வருவார்கள். அதற்குப் பச்சை ஃபாரம் உண்டு.
இதற்கு ஒரு ஃபாரமும் இல்லை.

எங்கே பிடித்தது என்று கேட்டேன், பதிவேட்டுக்காக.
"அக்கரையில்."

எங்குரி ஆற்றின் அக்கரை.
என் பட்டியலில் அந்த ஊர்களுக்கு எண் கிடையாது.
விடியுமுன் கிளம்பியிருக்கிறாள்.
பாலத்துச் சாவடியில் தாளைப் புரட்டினார்களாம்,
இருபது வருஷத்துக்கு முந்தைய படத்தை
இன்றைய முகத்தோடு வைத்து வைத்துப் பார்த்தார்களாம்,
முக்காட்டை எடு, காதைக் காட்டு.
ஜாடியைத்தான் ஒரு பையன்
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தானாம்.
"அழகாயிருக்கிறது. போ."

"பழுப்பு நிறத்தில் எதுவும் கண்ணில் படவில்லையா?"

"எப்படிப் படும்?
பட்டையும் பழுப்பு, சருகும் பழுப்பு.
இது பட்டது. இதைப் பிடித்தேன்."

இருபத்தாறு வருஷமாக இந்த நாற்காலி.
கோடு எண்ணச் சொல்லித் தந்திருக்கிறேன்,
கால் பார்க்கச் சொல்லித் தந்திருக்கிறேன்.
அவள் சொன்னதற்கு
என்னிடம் லென்ஸ் இல்லை.

மாதிரிப் பெட்டியைத் திறந்தேன்.
ஊசி குத்தி உலர்ந்த பழுப்பன்கள் நாற்பது,
வரிசைக்குப் பத்தாக.
ஒன்றை உருவித் தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தேன்.
விதிப்படி தப்பு. கையெழுத்து வாங்கவில்லை.
"மீசை வளையத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.
இலைக்கு அடியில் தேடுங்கள்.
குளிர் வந்தால் அதுவே வீட்டுக்குள் வரும்,
திரைச்சீலை மடிப்பில்."

ஜாடி ஒரு கையில், தீப்பெட்டி ஒரு கையில்.
கதவருகே திரும்பினாள்.
"பாலத்தில் கேட்டால்?"

"இரண்டும் ஒரே குடும்பம் என்று சொல்லுங்கள்."

அது உண்மை. அறிவியல்படி முழு உண்மை.
அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை,
வெயில் அவள் பின்னாலிருந்தது.

மதியம் தட்டில் பயறு,
மேலே அரிந்து தூவிய கொத்தமல்லி.
காலையில் விரலிடுக்கில் அந்தப் பூச்சி விட்டுப்போனதும்
ஏறக்குறைய இதே வாசனை.
இரண்டு முறை சோப்புப் போட்டிருந்தேன்.
முகர்ந்தேன், மறுபடி முகர்ந்தேன்.
எது கை, எது தட்டு,
பிரித்துச் சொல்ல வரவில்லை எனக்கு.