மூன்று சுற்று

நெரிஸை அண்ணாந்து பார்ப்பதில்லை நான்.
இரண்டு கயிறுகள் இறங்கி வருகின்றன.
ஒன்று அவளுடையது, ஒன்று மரத்துடையது.
கால் மாற்றினாளா, மூச்சு வாங்குகிறாளா,
ரம்பத்தை இடுப்புக் கொக்கியில் மாட்டிவிட்டாளா,
எல்லாம் அவற்றில் வந்துவிடும்.

பள்ளிக்கூடத்துக் கூரைமேல் சாய்ந்த ஆஷ் மரம்.
நோய் கண்டு நாலு வருடம்.
உச்சி மொட்டை. பட்டையில் சாய்சதுரத் தழும்புகள்.
விரல் தடிமன் கிளை பிஸ்கட் மாதிரி ஒடிகிறது.
இதை நம்பி ஏற முடியாது.
பக்கத்து ஓக்கில் ஏறி
ஓக்கிலேயே தன்னைக் கட்டிக்கொண்டு
ஆஷை அறுக்கிறாள்.
கப்பியும் ஓக்கில்தான்.
சாகிறவன் பாரம் அடுத்த வீட்டுக்காரன் தோளில்.

ஓக்கின் அடியில் வார் போட்டு இறுக்கிய இரும்பு உருளை.
அதில் கயிறு மூன்று சுற்று.
இரண்டென்றால் கை வேகும்.
நாலென்றால் கயிறு ஓடாது.
ஓடாத கயிறுதான் கொல்லும்.

போன அக்டோபரில், பில்த் பக்கம்,
விழுந்த துண்டை வெடுக்கென்று பிடித்துவிட்டேன்.
பயத்தில் கை மூடும், எல்லோருக்கும்தான்.
மரம் முழுக்க உதறியது, மேலே அவளும்.
இறங்கி வந்தாள். பிளாஸ்க்கைத் திறந்தாள்.
தேநீர் பாதி நடுங்கிக் கொட்டியது.
"ஓட விடணும், இட்வல்.
ஓட விட்டு, அப்புறம் நிறுத்தணும்."
அவ்வளவுதான். திரும்ப ஏறிவிட்டாள்.

இன்று ஏழாவது துண்டு.
தலைப்பக்கம் அரை முடிச்சு, அதன் கீழே சுருக்கு.
முன்வாய் வெட்டிப் பின்னாலிருந்து அறுத்து வந்தாள்,
கீல் அளவு மரம் மிச்சம்.
படக்.
நூற்றைம்பது கிலோ காற்றில் நடந்து
ஓக் பக்கம் வந்தது.
ஓட விட்டேன்.
உருளை முனகியது.
மெல்ல, மெல்ல, நின்றது.
கெத்தின்கூடத் தலையாட்டினான்.
அவன் எதற்கும் தலையாட்டுகிறவன் இல்லை.

"நிறுத்து!"

நிறுத்தித்தானே இருக்கிறேன்.

"அசையாதே. வெடிப்புக்குள்ளே ஏதோ இருக்கு.
காது. சின்னக் காது.
ஒண்ணு. இல்லை, மூணு."

கெத்தின் தூளாக்கும் எந்திரத்தை அணைத்தான்.
சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் எவ்வளவு அமைதி
என்று அப்போதுதான் தெரிந்தது.
வசந்தத்தில் யாரோ டார்ச் அடித்துப் பார்த்து
வௌவால் இல்லை என்று கையெழுத்துப் போட்ட தாள்
வண்டிக்குள் மடித்து இருக்கிறது.

பத்து மீட்டர்.
ஐந்து நொடியில் இறக்குகிற உயரம்.
இருபது நிமிடம் ஆயிற்று.
கயிறு உருளையில் ஒரு சாண் நகரும், நிற்கும்,
என் இடது முழங்கை துடிக்கும்,
மறுபடி ஒரு சாண்.
கெத்தின் வால்கயிற்றைப் பிடித்துத்
துண்டு சுழலாமல் பார்த்துக்கொண்டான்.
கிலோவை மறந்துவிட்டேன்.
உள்ளே தூங்குகிறதுகளின் எடை
எல்லாம் சேர்ந்து ஒரு கோழிமுட்டை இருக்குமா?
அந்த முட்டையைத்தான் இறக்கினேன்.

வௌவால்காரம்மா கையுறையோடு வந்தார்.
வெடிப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
நிமிர்த்தியே ஓக்கோடு கட்டுங்கள் என்றார்.
வாய் கிழக்கே இருந்ததா? கிழக்கே.
தலைமையாசிரியை ப்ராசர்
"அப்போ இன்றைக்கு முடியாது?" என்றார்.
முடியாது. எப்போது? தெரியாது.
பாதிக் கூலிக்குப் பில் எழுதினாள் நெரிஸ்.
தலையில்லாத ஆஷ்
அனுமதி வரும்வரை அப்படியே நிற்கும்.
திங்கட்கிழமை பிள்ளைகள் என்ன கேட்பார்களோ.

போயிருக்கலாம். யாரும் போகவில்லை.
வண்டியின் பின்பலகையில் மூவரும்,
வை ஆற்றுப் பக்கம் வெளிச்சம் தேயும்வரை.
முதலாவது விழுந்தது என்றே நினைத்தேன்.
என் கை தானாக மூடிக்கொண்டது.
விழவில்லை அது.

நான் எண்ணியது ஒன்பது.
கெத்தின் பதின்மூன்று என்கிறான்,
விறகுக் கணக்கிலும் அவன் அப்படித்தான்.
நெரிஸ் எண்ணவில்லை.
சுருட்டிய கயிற்றின்மேல் தலைவைத்து
வாய் திறந்து தூங்கியிருந்தாள்.