எத்தனை அடி

செருப்பைக் கழற்றி டோக்கன் வாங்கியதும்
மாநிலம் மாறிவிடுகிறது.
மதிலுக்கு வெளியே கல்குளம் தாலுகா, என் சங்கிலி.
உள்ளே கேரளத்தின் ஓடு, கேரளத்தின் சம்பளம்.
பதினேழு வருடமாய் சர்வேயர் வேலை.
இந்த மதிலின் வெளிப்பக்கம் முழுக்க
என் கையெழுத்தில் இருக்கிறது.
உள்ளே வந்ததில்லை.
இன்றும் வந்திருக்க மாட்டேன்.
மேட்டுக்கடையில் ஒரு வழித் தகராறு,
வாதி வரவில்லை,
பிரதிவாதி சாப்பிடப் போய்விட்டான்.

ஓமனா என்று அட்டையில் இருந்தது.
சாம்பல் சேலை, கழுத்தில் விசில்.
"இஞ்ச நின்னு மேல பாருங்க."
பூமுகத்து மரக்கூரையில் தொண்ணூறு பூ,
ஒன்றைப்போல் ஒன்றில்லை.
எண்ணினேன்.
எண்பத்தேழில் கழுத்து வலித்தது.
"எல்லாரும் அம்பதுல விட்டிருவாவ" என்று
மதிப்பெண் போட்டாள்.

மந்திரசாலையில்
வெயில் பல நிறத்தில் விழுந்து
கறுத்த தரையில் ஈரம்போலக் கிடந்தது.
சிரட்டைக் கரி, முட்டை வெள்ளை, சுண்ணாம்பு என்று
பலசரக்குக் கடைச் சீட்டு வாசிப்பதுபோல
சொல்லிக்கொண்டே போனாள்.
என் உள்ளங்கால் அதில் முகம் பார்த்தது.
"அழுத்திச் சவிட்டாதுங்க அண்ணா."

ஊட்டுப்புரை.
கீழே ஆயிரம் இலை, மேலே ஆயிரம் இலை.
நீளம் சொன்னாள், அகலம் சொன்னாள், எல்லாம் அடியில்.
சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.
ஜன்னல் விளிம்பில் அவளுடைய டிபன் பாத்திரம்,
ஈ மொய்க்காதிருக்க
மேலே ஒரு துண்டு நாளிதழ்.

அறுபத்துநான்கு மூலிகை மரத்தில் ஒரு கட்டில்.
"ராஜா இதுல நல்லா உறங்குனாராமா?"
"கட்டிலப் பத்தித்தான் எனக்குத் தெரியும்,
உறக்கத்தப் பத்தித் தெரியாது."
பதினொரு வருடமாய்
இந்த வீட்டின் எந்த இருக்கையிலும் அவள் உட்கார்ந்ததில்லை.
உட்காரக் கூடாது என்ற பலகையை
அவளேதான் துடைக்கிறாள்.

திரும்பவும் பூமுகம்.
சீன வியாபாரிகள் ராஜாவுக்குக் கொடுத்த நாற்காலி
இதுதான் என்றாள்.
கடல் தாண்டி வந்திருக்கிறார்கள்,
உள்ளே வந்திருக்கிறார்கள்,
கையில் ஒரு நாற்காலியோடு.
அப்போதுதான் கேட்டேன்,
ஆபீஸ் குரலில், சும்மா கேட்பதுபோல:
"வாசல்ல இருந்து எத்தனை அடி தள்ளி
நிக்கணும் எங்க ஆளுவ?"

விசிலைத் தொட்டாள். ஊதவில்லை.
பின்னால் ஒரு குஜராத்திக் குடும்பம்
குதிரை விளக்கைப் படமெடுத்துக்கொண்டிருந்தது.
"அது எங்களுக்குத் தந்த தாளுல இல்ல."
குடும்பம் நகர்ந்ததும்,
தமிழுமில்லாத மலையாளமுமில்லாத
எங்கள் இரண்டு பேர் குரலில் சொன்னாள்:
"உங்களுக்கு எத்தனைன்னு தெரியாது.
எங்களுக்கு
அதைவிடக் கூட."

மணிக்கூண்டு ஒன்று அடித்தது.
கயிற்றில் ஒரு பாரம் கீழே இறங்க இறங்க
நேரம் போகும் கடிகாரம்.
ஒரு மணிக்கு எல்லோரையும் வெளியே அனுப்பிப்
பூட்டுவார்கள்.
ராஜ்ஜியத்துக்குச் சாப்பாட்டு வேளை.

டோக்கனைக் கொடுத்துச் செருப்பை வாங்கினேன்,
போடவில்லை.
கையில் பிடித்துக்கொண்டு
வாசற்படியிலிருந்து அடியடியாக அளந்து நடந்தேன்.
பழக்கம்.
பன்னிரண்டில் நிழல் முடிந்தது.
முப்பத்தொன்றில் நுங்கு வண்டி.
நாற்பதில் ஒரு நாய், எழுந்திருக்க மறுத்தது,
சுற்றிப் போனேன், அதற்கு ஒன்றரை கழித்தேன்.
அறுபதுக்குப் பிறகு தார் சுட்டது.
எங்கே நிற்க வேண்டும் என்று
எந்தப் புலப்படத்திலும் கல் நடவில்லை.
அதையும் தாண்டி
அவள் ஆட்கள் நின்ற இடத்துக்கு
இன்னும் எவ்வளவு?

போன் அடித்தது.
பிரதிவாதி வந்துவிட்டான்.
மூன்றடி அகல வழி,
ஒரு சைக்கிள் போகும் அளவு,
இரண்டு வீட்டுக்காரர்களும் வெட்டரிவாளோடு நிற்கிறார்கள்.
"சங்கிலி கொண்டு வாறியளா சார்?"
"வாறேன்" என்றேன்.

எழுபத்தெட்டா, எழுபத்தொன்பதா?
விட்டுப்போயிற்று.