நாய்க்கடிப் பதிவேடு

அருமனைக்கு மாற்றலாகி வந்த நாலாம் நாள்.
விடிந்தும் விடியாத மழை.
ரப்பர் பால் மணக்கும் ஜீப்பிலிருந்து இறங்கி
சூப்பர்வைசர் தங்கையன் சொன்னார்:
"சிஸ்டரே, பயலெ பட்டி கடிச்சு."

எங்கள் பக்கம் பட்டி என்றால் ஊர்.
உசிலம்பட்டிக்கு மேற்கே
வாலில் பட்டி ஒட்டாத ஊரை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
நான் பிறந்ததும் ஒரு பட்டி.

ஊர் எப்படிக் கடிக்கும் என்று
கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை.
கடிக்கும்.
தெரு தாண்டிக் கட்டிக்கொண்டேன் என்று
அப்பாவிடம் திருவிழா வரி வாங்க மறுத்தார்கள்.
வரி வாங்காத வீட்டுக்கு
அங்கே இழவுக்கும் ஆள் வராது.

"கேட்டியளா, செத்தைக்குள்ள கிடந்து
ஒரே சாட்டம் சாடிச்சு."
சாடினால் எங்களுக்கு ஏசுவது.
ஏசிவிட்டா கடித்தது?
என் முகத்தைப் பார்த்த தங்கையன்
சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு
மெதுவாக ஒருமுறை குரைத்துக் காட்டினார்.
அப்போதுதான் ஊர் நாயானது.

பெஞ்சில் லலன் மண்டல்.
நெற்றி விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது,
பால் வெட்டும்போது மாட்டியது.
கெண்டைக்காலில் நாலு பல்.
"பட்டி, தீதி, பட்டி."
சரி, இவனும் இந்தப் பக்கத்து நாயைக்
கற்றுக்கொண்டுவிட்டான் என்று நினைத்தேன்.
இல்லை. அவன் கை
காலைத் தொடாமல் காற்றிலேயே
சுற்றிச் சுற்றி வந்தது.
அவனுக்கு அது கட்டுத்துணி.

வராந்தாவில் ஏணிமேல் நின்று
சுவர் விரிசலை அடைத்துக்கொண்டிருந்த பெயின்டர்
தலையை நீட்டினார்:
"பட்டி உணங்கல்ல சிஸ்டரே,
ஆரும் செவுத்துல சாரண்டாம்."

சிரித்தது நான் மட்டும்தான்.

குழாயடியில் கால் மணி நேரம், சோப்பு போட்டு.
"வெள்ளம் நல்லா விடணும்" என்றார் தங்கையன்.
எனக்கு வெள்ளம் என்றால்
வைகையில் எப்போதாவது ஒருநாள்,
பாலத்தில் நின்று பார்க்கக் கூடும் கூட்டம்.
லலனுக்கு என்னவோ.
கேட்க என்னிடம் பாஷை இல்லை.

அதைவிடக் கஷ்டம் இது:
பட்டி கடித்தால் பட்டி கட்டக் கூடாது.
காயம் திறந்தே கிடக்க வேண்டும்.
அலமாரியில் கட்டுத்துணி உருண்டை உருண்டையாக இருக்க
கட்டாமல் நிற்கிற என்னை
அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு சட்டைப்பையிலிருந்து
நனைந்த ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து
மேசைமேல் வைத்தான்.

திருப்பிக் கொடுத்தேன்.
அது காய இரண்டு நாளாகியிருக்கும்.

பதிவேட்டில் ஊர் என்ற கட்டத்துக்காக
ஆதார் அட்டையை வாங்கினேன்.
மகுவாபட்டி, பீகார்.
அங்கேயுமா?
பேனா நின்று, பிறகு எழுதியது.

பூஜ்யம், மூன்று, ஏழு, இருபத்தெட்டு.
ஊசிக்கு நாள் கணக்கு.
கடித்ததைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பது விதி;
தங்கையனுக்கு நானே போன் போட்டு
அவர் பாஷையிலேயே கேட்டேன்:
"பட்டி உயிரோட இருக்கா?"
"நல்லாத்தான் கிடக்கு. மூணு குட்டியும் போட்டாச்சு."
போனை வைத்த பிறகும்
அந்தக் கேள்வி குவார்ட்டர்ஸ் வரைக்கும் கூடவே வந்தது.
ஆறு வருஷமாய் அடிக்காத ஓர் எண்
விரலுக்கு மனப்பாடமாய் இருக்கிறது.
அன்றும் அடிக்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள்
லலன் தனியாக வந்தான், பஸ் பிடித்து.
ஊசி போட்டதும் கைலியைத் தூக்கி
ஆறிய நாலு புள்ளியைக் காட்டி,
எங்கே பிடித்தானோ இந்தத் தமிழை,
"பட்டி கொள்ளாம், தீதி" என்றான்.

எதைச் சொன்னான் என்று தெரியவில்லை.
பதிவேட்டில் அதற்குக் கட்டமும் இல்லை.