கல்லுக்குழித் தண்ணி

ஐப்பசியிலிருந்து தும்மிக்கொண்டிருந்தது கோப்பி.
பனி என்று விட்டுவிட்டோம்.
இந்த மலையில் எல்லாருக்கும்தான் மூக்கு ஒழுகும்.

ஒருநாள் விடியக்காலை
இஸ்தோப்புச் சுவரில் சிவப்புத் தெறிப்பு.
வெற்றிலை துப்பியது நீதானே என்று
பக்கத்துக் காம்பரா பரிமளத்தோடு சண்டைக்குப் போனேன்.
முழங்கால் உயரத்தில்
எவளாவது குனிந்து துப்புவாளா என்றாள்.
அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.
படியடியில் உட்கார்ந்து
முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது,
ஒரு துவாரத்தால் மட்டும் மூச்சு வாங்கியபடி.

வெறி என்றார்கள். கட்டிப்போடு என்றார்கள்.
வாச்சர் சன்னாசி
பாணுக்குள் வைக்க ஏதோ இருக்கிறது என்று
மெல்லச் சொல்லிவிட்டுப் போனான்.

பதுளைக்குப் போனதில் எனக்கு ஒரு பேர் போனது.
ஆட்டோவுக்கு இன்னும் இரண்டு பேர்.
ஊசி, மருந்து, கட்டணம் எல்லாம் சேர்த்து
எத்தனை பேர் என்று
கணக்குப் பார்ப்பதைப் பசறைச் சந்தியிலேயே நிறுத்திவிட்டேன்.

ஹேமாலி மிஸ் டோர்ச் அடித்துப் பார்த்தார்.
ஊசி ஏறியதும்
நிறைந்த கொழுந்துச் சாக்குப் போலச் சரிந்தது நாய்.
கவ்வியால் பிடித்து, வெட்டி, சுட்டு,
வெள்ளைத் தட்டில் வைத்தார்:
சுண்டுவிரல் நுனியளவு சதை,
சிவப்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி.
ஜாம் போத்தலில் படம் போட்டிருக்குமே,
அந்தப் பழம்.
நான் அதைத் தின்றதில்லை.
இனித் தின்னவும் மாட்டேன்.

புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பையாம்.
பைக்குள் ஆயிரக்கணக்கில் வித்தாம்.
நாய்களில் இதைக் காண்பது அபூர்வம் என்று
துண்டில் ஒரு பெயரை எழுதினார்,
அவருடைய சிங்களத்திலும் சேராமல்
என்னுடைய தமிழிலும் சேராமல்.

எங்கே குளிக்கும் என்று கேட்டார்.
நாய் குளிக்குமா என்று சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
"தண்ணி. ஓடாத தண்ணி. நிக்கிற தண்ணி."

கல்லுக்குழி.
ரோட்டுக்குக் கல் உடைத்த கம்பனி
மூடாமல் விட்டுப்போனது.
மழைக்கு நிறையும், வெயிலுக்குப் பச்சை பூக்கும்.
பீலி வற்றுகிற மாசியில்
நாங்கள் துணி தோய்ப்பது அதில்.
நாகம்மாவின் பசு குடிப்பது அதில்.
என் மகன் டிலுக்சன் பாறை மேலிருந்து
மூக்கைப் பிடிக்காமல் தலைகீழாகக் குதிப்பான்.
பிடிக்கிறவன் பயந்தாங்கொள்ளி.

நாயிடமிருந்து ஆளுக்கு ஒட்டாதாம், பயப்படாதே என்றார்.
தண்ணி கொடுத்தால்தான்.
அது யாருக்கும் கொடுக்கலாமாம்,
நாய்க்கு, மாட்டுக்கு,
கல் உடைக்கிறவனுக்கு, குளிக்கிற பிள்ளைக்கு.
வெட்டினாலும் திரும்ப முளைக்கலாமாம்.

துண்டை எடுத்துக்கொண்டு ஒபீசுக்குப் போனேன்,
குழியை மூடச் சொல்லி.
கிளாக்கர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து
"இதென்ன, நாய்க்கா?" என்றார்.
நாய்க்குத்தான் என்றேன்.
வேறு என்ன சொல்வது என்று
படியிறங்கிய பிறகுதான் வந்தது வாய்க்கு.

இரவு டிலுக்சனை விளக்கடியில் நிறுத்தி
மோவாயைத் தூக்கினேன்.
போன் வெளிச்சத்தில் ஒரு துவாரம், பிறகு மற்றது.
இருட்டும் இரண்டு மயிரும்.
எதைத் தேடுகிறேன் என்று தெரியும்,
இல்லாதது எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.
"கூசுதும்மா" என்று
அவன் தும்மினான் என் முகத்தில்.

மூலையில் பெயின்ட் வாளியை வெட்டிச் செய்த கழுத்துப்பட்டைக்குள்
கோப்பியும் தும்மியது.
விடியட்டும்.
சுவரைப் பார்க்க வேண்டும்.