பாஸிங்

இருபத்தோராயிரம் திர்ஹம்.
அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று
எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கொண்டுதான்
ஹராஜ் சந்தைக்குப் போனேன்.
ஜூலை. ஷார்ஜா.
காலை ஒன்பதுக்கே கதவுப்பிடி கையைச் சுட்டது.

எந்தக் கடையிலும் முதல் கேள்வி ஒன்றுதான்:
மேடம், ஹஸ்பெண்ட் வரலையா?
வரவில்லை. வருகிற மாதிரியும் இல்லை.
நான் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
பதினோரு வருடமாய்
தோலுக்கு அடியில் பார்ப்பதுதான் பிழைப்பு.

சிவப்பு ஒன்று
ஃபோட்டோவுக்கு நிற்பது போல நின்றது.
அமெரிக்காவிலிருந்து வந்ததாம், அதிகம் ஓடாததாம்.
கார்ப்பெட்டின் ஓரத்தைக் கிளப்பினேன்.
வண்டல்.
பெயர் தெரியாத ஏதோ ஓர் ஆற்றினுடையது,
மாவு போலக் காய்ந்து.
மூழ்கிச் செத்ததைக் கப்பலேற்றிப்
பாலைவனத்தில் விற்கிறார்கள்.
விற்பவன் என்னைவிட ஆர்வமாய் எட்டிப் பார்த்தான்.

வரிசையின் கடைசியில், கொஞ்சம் கோணலாய்,
வெள்ளி நிற லெக்ஸஸ் ஐ.எஸ். முந்நூறு.
ஆறு சிலிண்டர்.
டேஷ்போர்டில் வெயில் கிழித்த வெடிப்பு.
முன்னால் இடது பக்கம் இடிபட்டு, பற்றவைத்து,
பற்றவைத்த இடம் லேசாய்த் தடித்திருந்தது.
நேராகக் கூடிய எலும்பை எனக்குத் தெரியும்.
"என் மகன்தான்," என்றார் ஜோர்டான்காரர், நான் கேட்கும் முன்பே.
"ரவுண்டானாவில். நோன்பு திறக்க ஓடி வரும்போது."
இருபத்துமூன்று சொன்னார். இருபது சொன்னேன்.
அவர் வானத்தைப் பார்த்தார், நான் டயரைப் பார்த்தேன்.
சத்தியம்
முந்நூறு திர்ஹத்தில் உடைந்தது.

முல்கியாவைப் பார்த்துவிட்டு
அறைத்தோழி பிரிசில்லா கேட்டாள்:
இந்தக் காசுக்குக் கொரோலா வாங்கியிருக்கலாமே?
வாங்கியிருக்கலாம்.

ஒர்க்‌ஷாப் குல் ஜமானுக்கு சைலன்சரில்தான் கண்.
சத்தம் இல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் என்றான்.
எனக்குத் தெரியும், போதும்.
முதல் சம்பளத்தில் ரேடியேட்டர்.
அப்புறம் நான்கு டயர்;
அந்த மாதம் முழுக்க குப்பூஸும் முட்டையும்.
பெருநாள் போனஸில் பெரிய பிரேக்,
வேறெங்கோ நொறுங்கிய காரிலிருந்து கழற்றியது.
உறுப்பு தானம் என்று சொல்லிச் சிரித்தேன்,
அவனுக்கு மொழி புரியவில்லை.
ஸ்பிரிங்கை மட்டும் ஆசைக்கு இறக்கினேன்.
ஆஸ்பத்திரி வாசல் வேகத்தடை ஒவ்வொன்றும்
வயிற்றைச் சுரண்டியது.
பாஸிங்கில் டார்ச் அடித்துப் பார்த்தவர்
தலையை மட்டும் ஆட்டினார். ஃபெயில்.
பழைய ஸ்பிரிங் கட்டிலுக்கு அடியில் இருந்தது,
நல்ல வேளை, பிரிசில்லா அதைத் தூக்கிப் போடவில்லை.

இப்போது வெளியே இருந்து பார்த்தால்
ஜோர்டான்காரரின் கார்தான்.

போன வியாழன், நைட் டூட்டி இல்லை,
கல்பா மலைச்சாலையில் இரண்டு மணிக்கு
வளைவு திரும்பியதும் ஓர் ஆடு.
மிதித்தேன்.
வண்டி நேராக நின்றது, ஒரு பக்கமும் இழுக்கவில்லை.
ஆடு என்னைப் பார்த்தது. பிறகு போனது.
கை நடுங்கியது கொஞ்ச நேரம்,
கால் நடுங்கவில்லை.

காலையில் கண்ணாடியில் வழக்கம்போல ஒரு கார்டு:
உங்கள் காரை உடனே வாங்குகிறோம், ரொக்கம்.
நான்காக மடித்து
டேஷ்போர்டு வெடிப்பில் செருகினேன்.
ஒரு வருடமாய்ப் படபடத்த சத்தம்
நின்றுவிட்டது.