வால் விளக்கு

இந்தச் சர்க்கரைகளுக்கு நிறமில்லை.
கருவியின் கண்ணுக்கு வெறும் பச்சைத் தண்ணீர்.
ஆகவே ஒவ்வொன்றின் வாலிலும்
ஓர் ஒளிர்சாய விளக்கைக் கட்டினேன்.
கட்டும்போதே வால் வளையம் திறந்து
நீண்டுவிடும் என்பதைப்
பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லும்.
நானும் ஒரு வரியில் கடந்தேன்.

குன்னூரில் ஜூலை.
சன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் இல்லை,
பேக்கரி இல்லை, ரயில் பாதை இல்லை.
மலை முழுவதும்
லேபிள் ஒட்டாத சர்க்கரை.
உள்ளே, முப்பத்தேழு டிகிரியில்,
நொதிகள் மேய்ந்தன
தலைப் பக்கமிருந்து, கண்ணி கண்ணியாக.
சியாலிக் அமிலம் போயிற்று.
காலக்டோஸ் போயிற்று.
திரையில் முகடுகள் இடம் மாறி நின்றன.
விளக்கை ஒட்டி இருந்த ஃபியூகோஸ் மட்டும்
இருந்த இடத்திலேயே.

இரண்டு மணி நேரம் கொடுத்தேன். பிறகு ஓர் இரவு.
நொதியை இரட்டித்தேன்.
கோயம்புத்தூரிலிருந்து புதுக் குப்பி வந்தது,
பர்லியாரில் லாரி கவிழ்ந்து
ஐந்து மணி நேரம் நின்ற பேருந்தில்,
தெர்மோகோல் பெட்டிக்குள்.
ஐஸ் உருகவில்லை.
முகடும் அசையவில்லை.
'நொதிக்கு மசியாத ஃபியூகோஸ்' என்று
அறிக்கையில் எழுதினேன்.
எழுதும்போது விரல்கள்
கொஞ்சம் இனித்ததை மறைப்பானேன்.

அன்றிரவு போஜராஜின் பைக்கில்
கேத்திக்குத் திரும்புகிறோம்.
அரவங்காடு தாண்டி ஒரு வளைவு.
வெளிச்சத்தில் முதலில் தெரிந்தவை
நான்கு வெள்ளைக் காலுறைகள்.
அதற்கு மேலே, காட்டெருமை.
அசையவில்லை. காது கூட.
போஜராஜ் ஹார்ன் அடிக்கவில்லை,
விளக்கை அணைத்தான்.
'லைட்டு எரிஞ்சா விடிய விடிய நிக்கும் மேடம்.'
பிறகு அதே மூச்சில்
பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசினான்.
இருட்டில் ஒரு பெருமூச்சு,
தார்ச்சாலையில் குளம்பு,
சரிவில் செடிகள் முறியும் ஓசை.
போனதை நாங்கள் பார்க்கவில்லை.
போய்விட்டது.

தூக்கமில்லை.
காலையில் வரிசையை மாற்றிப் போட்டேன்.
சர்க்கரையை அப்படியே,
விளக்கில்லாமல், நொதியிடம் விட்டேன்.
தின்று முடிக்கட்டும் என்று காத்திருந்து
மிச்சத்தின் வாலில் விளக்கேற்றினேன்.
ஃபியூகோஸ் இல்லை.
இரண்டே மணி நேரத்தில்.

அறிக்கையில் ஒரு வரியை அடித்தேன்.
பழைய வரைபடத்தைக் கிழிக்கவில்லை;
அதில் பொய் எதுவும் இல்லை,
விளக்கு கட்டிய சர்க்கரையைப் பற்றி
அது சொன்னது சரிதான்.
நான்தான் அதை
எல்லாச் சர்க்கரைக்கும் படித்துவிட்டேன்.

நொதி வெட்டும் அந்தக் கணத்தை
இன்னும் பார்த்ததில்லை.
மிச்சத்தை எண்ணுகிறேன், அவ்வளவுதான்.
மாலையில் பைக்கை அந்த வளைவில்
நிறுத்தச் சொன்னேன்.
முறிந்த தேயிலைச் செடிகள் பதினொன்று.
ஒன்றில் மட்டும், முள்கம்பிக்குப் பக்கத்தில்,
கருத்த மயிர் கொஞ்சம்.